துப்பும் துப்பும்

எங்கள் மேசையில் அன்று என் தோழி எடுத்திருந்த பாத்திரம், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியம்மா. வயது 65. கை லேசாக நடுங்கும். கண்ணில் லென்ஸை மாட்டிக் கடிகாரத்தைத் திறந்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். இதையெல்லாம் அவளே யோசித்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்த துப்பறியும் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் மூன்றாவது சோதனை ஆட்டம் அது. இறந்துகிடந்தவரின் அறைச் சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம் 2:40 மணியில் நின்றுபோயிருந்தது. அவளை மனதில் வைத்துத்தான் அந்தக் கடிகாரத்தை அங்கே மாட்டியிருந்தேன்.

அவள் பாத்திரத்துக்கு 'கூர்ந்த கண்' என்றொரு தனித்திறன். "தேடும்போது கூடுதலாக 2 பகடை" என்பதுதான் அதன் மொத்த விளக்கமும். வழக்கமான 4 பகடையோடு அந்த 2 பகடையையும் சேர்த்து உருட்டினாள். ஏதாவது ஒன்றில் ஆறு விழ வேண்டும். விழவில்லை. "கடிகாரத்தில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை" என்றேன். நான் எழுதிய விதி அப்படித்தான் சொல்லச் சொன்னது.

அவள் பகடைகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நாற்பது வருஷமா கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுப் பார்க்கிறவ நான். நின்னுபோன கடிகாரம் எதனால நின்னுச்சுன்னு கூடவா எனக்குத் தெரியாது?"

என்னிடம் பதில் இல்லை. ஆட்டம் எப்படியோ நகர்ந்து முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு நான் எழுதிய தனித்திறன்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அவளுக்குச் சொல்ல முயன்ற பதில்தான்.

தமிழில் துப்பு என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. 'துப்புக் கிடைத்தது' என்றால் தடயம். 'அதற்கு அவனுக்குத் துப்பில்லை' என்றால் திறமை. துப்பறியும் ஆட்டத்துக்குத் தனித்திறன் எழுதுவது என்றால் இந்த இரண்டு துப்பையும் ஒன்றோடொன்று கோப்பதுதான். ஒருவருடைய திறமை எந்தத் தடயத்தைத் தொடும், தொட்டால் என்ன நடக்கும்? என் 'கூர்ந்த கண்' அதைச் செய்யவே இல்லை.

இந்த வகை ஆட்டம் ஆடியிராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். கதையின் உலகம், சாட்சிகள், குற்றவாளி எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "அலமாரியைத் திறக்கிறேன்", "தோட்டக்காரரிடம் பேசுகிறேன்" என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கதை நகரும். பாத்திரத்தின் விவரத் தாளான ஷீட்டில் இரண்டு வகைச் சங்கதிகள் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான திறன்கள், எண்ணோடு: தேடுதல் 3, பேச்சு 2 என்பதுபோல. அப்புறம் அந்தப் பாத்திரத்துக்கு மட்டுமே உரிய ஒன்றிரண்டு தனித்திறன்கள். நான் பேச வந்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தோழியின் கேள்விக்கு முன்பே நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு. 4 பகடையில் குறைந்தது ஒன்றிலாவது ஆறு விழுவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 52 சதவீதம். 6 பகடையில் 67 சதவீதம். ஆக, 'கூர்ந்த கண்' தருவது 15 சதவீதம். ஓர் அமர்வில் அந்தத் திறன் இரண்டு முறை பயன்படுகிறது என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் தோற்றிருப்போம், அது இருந்ததால் வென்றோம் என்கிற நிலை மூன்று நான்கு அமர்வுகளுக்கு ஒருமுறைதான் வரும். அப்படி வந்தாலும், எந்தப் பகடையால் வென்றோம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மனிதரின் வாழ்நாள் தொழில் அனுபவத்தை இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக மாற்றிவைத்திருந்தேன்.

சண்டை ஆட்டத்தில் இது பெரிய குறையில்லை. இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. சண்டையில் பத்து முறை, இருபது முறை உருட்டுவோம். சின்னச் சின்னக் கூடுதல்கள் சேர்ந்து எடை கூடும். ஓர் அடி தவறினால் எதிரி திருப்பி அடிப்பான், கதை நகரும். தடயம் அப்படியல்ல. ஒருமுறைதான் தேடுவோம். கிடைக்காவிட்டால் எதிரே யாரும் திருப்பி அடிப்பதில்லை. மேசை அமைதியாகிவிடும்.

1981இல் வந்த கால் ஆஃப் கத்துலு என்ற ஆட்டம்தான் துப்பறிதலை இந்த ஆட்டங்களின் நடுவுக்குக் கொண்டுவந்தது. அதன் திறன்கள் சதவீதத்தில் இருக்கும். மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, நூலகத்தில் தேடுவது என்று சண்டைக்குச் சம்பந்தமில்லாத திறன்களுக்கு அங்கே பெரிய மரியாதை. எனக்கு அந்த ஆட்டம் மிகப் பிடிக்கும். ஆனால் உருட்டித்தான் துப்பு கிடைக்கும் என்று ஒரு கதையைக் கட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடயங்கள், ஒவ்வொன்றுக்கும் 60 சதவீத வாய்ப்பு. மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு 22 சதவீதத்தைக்கூட எட்டாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லோரும் உருட்டலாம் என்று விட்டுவிட்டால், 40 சதவீதத் திறனுள்ள நால்வரில் யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு 87 சதவீதம். துப்பு கிடைத்துவிடும், சரி. ஆனால் அதைக் கடிகாரம் தெரிந்தவர் கண்டுபிடித்தாரா, காவலுக்கு நின்றவர் கண்டுபிடித்தாரா என்பது அதிர்ஷ்டத்தின் கையில். கடிகாரத்தைப் பற்றிக் காவலாளி பேசுவதும் பெரியம்மா வாயை மூடிக்கொண்டு நிற்பதும் ஒரு கதையின் நம்பகத்தன்மையை எவ்வளவு குலைக்கும் என்று அன்று நேரில் பார்த்தேன். ஆம், அந்த மூன்றாவது ஆட்டத்தில் அதுவும் நடந்தது.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு பேர் சொன்ன தீர்வுகள் பரவலாகத் தெரிந்தவை. ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ என்ற விதிமுறையில் துப்பறியும் திறன்களுக்குப் பகடையே கிடையாது. உரிய திறன் உங்களிடம் இருக்கிறது, உரிய இடத்தில் தேடுகிறீர்கள் என்றால் முக்கியமான துப்பு கிடைத்தே தீரும். 2008இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று துப்பு விதி கதையமைப்பைப் பற்றியது. ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வை. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைக் கண்டும் காணாமல் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். கதை எழுதுகிற எவருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன்.

கம்ஷூவைப் படித்த பிறகு என் ஆட்டத்திலிருந்தும் தேடலுக்கான பகடையை எடுத்துவிட்டேன். ஆபத்துக்கு மட்டும் பகடை. ஓடுவது, ஒளிவது, பூட்டிய வீட்டுக்குள் சத்தமில்லாமல் இறங்குவது ஆகியவற்றுக்கு. ஆனால் பகடை போனதும் தனித்திறன்கள் அத்தனையும் காலியாகிவிட்டன. "கூடுதலாக 2 பகடை" என்பதற்கு இனி என்ன அர்த்தம்? துப்பு எப்படியும் கிடைக்கும் என்றால் பெரியம்மாவின் 40 வருடம் எதற்கு?

இங்கேதான் எனக்கு ஒரு திறப்புக் கிடைத்தது. துப்பு என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. கண்ணில் படுவது முதல் அடுக்கு. அது எதைக் காட்டுகிறது என்பது இரண்டாவது. அதனால் இந்தக் குற்றத்தில் என்ன நடந்தது என்பது மூன்றாவது. தனித்திறன் முதல் இரண்டு அடுக்குகளையும் தாராளமாகத் தரலாம். மூன்றாவதைத் தொடவே கூடாது. அது மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களுடையது. அதற்காகத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணம். பிணம் குப்புறக் கிடக்கிறது. மருத்துவம் தெரிந்த பாத்திரம் சட்டையை விலக்கிப் பார்க்கிறது. முதுகு கருஞ்சிவப்பாக நிறம் மாறியிருக்கிறது. இது முதல் அடுக்கு, யார் பார்த்தாலும் தெரியும். இறந்த உடலில் இரத்தம் தாழ்வான பக்கத்தில் போய்த் தேங்கும். ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். ஆகவே இவர் இறந்தபின் நெடுநேரம் மல்லாந்து கிடந்திருக்கிறார், அப்புறம்தான் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இது இரண்டாவது அடுக்கு. மருத்துவருக்கு மட்டும் தெரிவது. இதை ஒளிவுமறைவில்லாமல் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். யார் திருப்பினார்கள், அத்தனை நேரம் கழித்து எதற்கு வந்தார்கள், முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் திருப்பினார்களா, அடியில் எதையாவது தேடினார்களா? இது மூன்றாவது. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

முதல் தடவை இதை மேசையில் செய்து பார்த்தபோது, இரண்டாவது அடுக்கைச் சொல்லி முடித்ததும் நால்வரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பகடையில் ஆறு விழும்போது வரும் சத்தத்தைவிட அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த அடுக்குப் பிரிப்பு எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தாது. பிரிண்டில்வுட் பே என்ற ஆட்டத்தில் குற்றவாளி யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்காது. ஆட்டக்காரர்கள் கிடைத்த துப்புகளை வைத்து ஒரு விளக்கத்தைக் கட்டி, அதற்குப் பகடை உருட்டுவார்கள். அங்கே துப்புக்கு நிலையான பொருளே இல்லை. அழகான யோசனைதான். நான் எழுதுவது விடை ஒன்றாகவே இருக்கும் ஆட்டம். மேசைக்கு வெளியே, யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும், உண்மை என்று ஒன்று அங்கே கிடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுக்குகள் பிடிபட்ட பிறகு தனித்திறன்களைக் கேள்விகளாக எழுத ஆரம்பித்தேன். "கூடுதலாக 2 பகடை" என்ற வரியை அடித்துவிட்டு, பெரியம்மாவுக்கு இப்படி எழுதினேன்: "இயந்திரப் பொருள் எதையும் கையில் எடுத்துப் பார்த்தால், இவற்றில் ஒன்றைக் கேட்கலாம்: இதைக் கடைசியாகக் கையாண்டவர் இதைப் பழகியவரா? இது எப்போது, எதனால் நின்றது? இதில் இருக்க வேண்டியது எது இல்லை? கேம் மாஸ்டர் உண்மையைச் சொல்ல வேண்டும்."

இதில் என்னைக் கவர்ந்தது ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பலன் மட்டுமல்ல. எனக்குக் கிடைத்ததும்தான். அந்தத் திறன் ஷீட்டில் இருக்கிறது என்று தெரிந்தபின் கதையைத் தயார் செய்யும்போது ஒவ்வொரு பூட்டுக்கும் கடிகாரத்துக்கும் தையல் இயந்திரத்துக்கும் அந்த மூன்று கேள்விகளையும் நானே கேட்டுப் பார்க்கிறேன். உலகம் தானாகவே அடர்த்தியாகிறது. தனித்திறன் ஆட்டக்காரருக்கு எழுதிய விதி என்று நினைத்திருந்தேன். அது கேம் மாஸ்டருக்கு எழுதிய வேலைக் குறிப்பும்கூட.

மிகவும் படுத்தியெடுத்த தனித்திறன் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன். துப்பறியும் ஆட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் அதைக் கேட்பார். கேட்பது நியாயமும்கூட. ஓய்வுபெற்ற வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர், நாலு பிள்ளைகளை வளர்த்த தாய் என்று பொய்யை மோப்பம் பிடிப்பவர்கள் வாழ்க்கையில் நிறைய இருக்கிறார்கள்.

முதல் வடிவத்தில் நேரடியாக எழுதினேன்: "உங்களிடம் யாராவது பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியும்." அடுத்த சோதனை ஆட்டம் இருபதே நிமிடத்தில் முடிந்தது. வீட்டில் இருந்த ஆறு பேரையும் கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரிடமும் "நீங்களா கொன்றீர்கள்?" என்று கேட்டார்கள். ஐந்து உண்மை, ஒரு பொய். தோட்டத்துக் காலடித் தடம், கிழிந்த கடிதம், பூட்டியிருந்த மாடி அறை எல்லாம் தொடப்படாமல் கிடந்தன. ஆட்டக்காரர்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. கையில் கொடுத்த கருவியைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினார்கள். நான் கொடுத்த கருவிதான் கதையைவிடப் பெரியதாக இருந்தது.

இரண்டாவது வடிவத்தில், பலமான திறனைக் கண்டால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: "அமர்வுக்கு ஒருமுறை மட்டும்." அந்த ஒருமுறையைக் கடைசிவரை பொத்திப் பொத்தி வைத்திருந்து, இறுதிக் காட்சியில் முக்கியச் சந்தேக நபர் மீது பயன்படுத்தினார்கள். அதே விளைவு, மூன்று மணி நேரம் தாமதமாக. அதைவிட மோசம், அந்த மூன்று மணி நேரமும் அந்தப் பாத்திரம் தன் திறமையே இல்லாத ஆளாக நின்றது. அமர்வுக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாட்டை அன்றோடு துப்பறியும் திறன்களிலிருந்து விலக்கிவிட்டேன். எவ்வளவு முறை என்று குறைப்பதால் சரியாகாது. என்ன தெரிகிறது என்பதை மாற்ற வேண்டும்.

மூன்றாவது வடிவம் இப்போதும் நிற்கிறது: "ஒருவரோடு சில நிமிடம் பேசினால், அவர் எந்தப் பேச்சு எழக்கூடாது என்று அஞ்சுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்." பொய்யா உண்மையா என்பது போய், அச்சம் எங்கே இருக்கிறது என்பது வந்துவிட்டது. குற்றமற்றவர்களுக்கும் அச்சம் உண்டு. சமையற்காரர் கிடங்குச் சாவியைப் பற்றிய பேச்சுக்கு அஞ்சுகிறார், ஏனென்றால் தன் தம்பியை இரவில் அங்கே படுக்கவைக்கிறார். மூத்த மகள் மருத்துவச் செலவைப் பற்றிய பேச்சுக்கு அஞ்சுகிறார். குற்றவாளி கடிகாரத்தைப் பற்றிய பேச்சுக்கு அஞ்சுகிறார். மூன்று அச்சங்களும் மேசையில் ஒரே எடையோடு வந்து விழும். எது குற்றத்தோடு சேர்ந்தது என்று பிரிப்பது ஆட்டக்காரர்களின் வேலை.

முதல் வடிவம் கதவுகளை மூடியது. இது ஒவ்வொரு பேச்சிலும் ஒரு புதுக் கதவைத் திறக்கிறது. ஒரு திறனைப் பயன்படுத்திய பிறகு ஆட்டக்காரர்களிடம் முன்பைவிட அதிகக் கேள்விகள் இருக்கின்றனவா என்று இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். குறைந்திருந்தால் அந்தத் திறனைத் திரும்பவும் எழுதுகிறேன்.

வேறு வகைத் தனித்திறன்களும் உண்டு. சில திறன்கள் இடங்களைத் திறப்பவை. கடிதம் கொண்டுவருபவரை எந்த வீட்டு வாசலிலும் யாரும் சந்தேகிப்பதில்லை. சில, ஆட்களைத் திறப்பவை. பழைய மாணவர்கள் எங்கும் இருக்கிற ஆசிரியர் அப்படி. இவை எழுத எளிது, ஆட நன்றாக இருக்கும், பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

திறன்களுக்கு விலை வைப்பதையும் முயன்றேன். கேள்வி கேட்க ஆளுக்கு மூன்று டோக்கன் வில்லைகள். வழக்கம்போல எல்லோரும் சேமித்தார்கள். இப்போது வில்லை இல்லை. விலை இருக்க வேண்டிய திறன்களில் அதைக் கதைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பழைய மாணவரிடம் உதவி கேட்டால் அவரும் ஒரு நாள் ஒன்றைக் கேட்பார்.

ஒரு குழுவின் தனித்திறன்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரே அறையை எழுதுவேன். மேசை, அணைந்த அடுப்பு, பாதி குடித்த கோப்பை, திறந்த சன்னல், நின்ற கடிகாரம். ஒவ்வொரு திறனும் அந்த அறையில் என்ன வாக்கியத்தைத் தரும் என்று தனித்தனித் தாளில் எழுதுவேன். இரண்டு தாள்களில் ஒரே வாக்கியம் வந்தால் ஒரு திறன் போக வேண்டும். ஏதாவது ஒரு தாள் வெறுமையாக இருந்தால், அந்தப் பாத்திரத்தை எடுப்பவர் அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம். ஒருமுறை 12 திறன்களை இப்படிச் சோதித்ததில் நான்கு 'சன்னல் வழியாக யாரோ போயிருக்கிறார்கள்' என்றே சொல்லின. வேடனும் திருடனும் காவலாளியும் தோட்டக்காரரும் வெவ்வேறு பெயர்களில் ஒரே கண்ணை வைத்திருந்தார்கள். வேடனுக்குக் காலடியின் எடையும் வேகமும், திருடனுக்குத் தாழ்ப்பாள் திறந்த விதம், தோட்டக்காரருக்கு மிதிபட்ட செடி வாட எடுத்துக்கொண்ட நேரம் என்று பிரித்தபின்தான் மூவரும் வெவ்வேறு ஆட்களானார்கள். காவலாளியை எடுத்துவிட்டேன்.

இனி மொழி. இந்த ஆட்டங்களின் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. மேசையில் நாம் பேசுவது தமிழ். அதனால் ஆங்கில விதிநூல் எதிலும் இல்லாத சில பிரச்சினைகளும் சில வசதிகளும் நமக்கு வருகின்றன.

பிரச்சினை, பால் காட்டும் வினைமுற்று. "யாரோ சன்னல் வழியாகக் குதித்தான்" என்று சொன்னாலே பாதிச் சந்தேகப் பட்டியல் அழிந்துவிடும். ஒருமுறை காலடித் தடத்தை விவரிக்கும்போது, பேச்சுவாக்கில் "குதிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டேன். மேசையில் எல்லோரும் தலைநிமிர்ந்தார்கள். அன்றைய கதை அதோடு மெலிந்துபோனது. அப்போதிலிருந்து திறன்களின் பதில்களை 'குதித்தவர்', 'வந்தவர்', 'குதித்திருக்கிறார்கள்' என்று பால் காட்டாத வடிவங்களிலேயே முன்கூட்டி எழுதிவைக்கிறேன். பேச்சில் தடுமாறாமல் இருக்க இதைத் தவிர வேறு வழியில்லை.

வசதி, அந்தச் சின்ன 'ஆம்'. "பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்" என்பதற்கும் "பத்து மணிக்கே கிளம்பிவிட்டாராம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் எவருக்கும் சொல்லித்தர வேண்டாதது. நானும் அதை விதியாக்கிவிட்டேன். தனித்திறனால் கிடைக்கும் செய்தியை நேர் வினையில்தான் சொல்வேன். சாட்சி சொன்னதை நான் சுருக்கிச் சொல்லும்போது கட்டாயம் 'ஆம்' போடுவேன். "அவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்." இரண்டு மூன்று அமர்வுகளில் ஆட்டக்காரர்களின் காதுகள் பழகிவிட்டன. குறிப்பு எழுதும்போது அவர்களே 'ஆம்' சேர்த்து எழுதுகிறார்கள். உறுதியானது எது, சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் காட்ட வேறெந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை.

அதன்மேல் ஒரு தனித்திறனையே கட்டினேன். செய்தித்தாளில் பிழை திருத்திய ஒருவருக்கு: "ஒரு சாட்சியின் பேச்சில் எந்த வாக்கியம் அவர் நேரில் கண்டது, எது கேள்விப்பட்டது என்று உங்களுக்குப் பிரித்துத் தெரியும்." தான் கண்டதாகச் சொல்லும் ஒருவர் உண்மையில் யாரோ சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பிக்கிறார் என்று தெரிந்த கணத்தில், சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. நான் எழுதியவற்றில் எனக்கு மிக நெருக்கமான திறன் இது.

வாக்கிய அமைப்பிலும் கவனம் வேண்டும். 'கவனிக்க முயலலாம்', 'ஒருவேளை உணரக்கூடும்' என்று எழுதினால் கேம் மாஸ்டர் மறுத்துவிட இடம் இருக்கிறது. 'தெரியும்', 'கேட்கலாம்', 'சொல்ல வேண்டும்' ஆகிய மூன்று வினைகளுக்குள் எழுத முடியாத துப்பறியும் திறனை நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் கடிகாரத்தை மறுபடி மாட்டினேன். அதே அறை, அதே பெரியம்மா, எட்டு மாதம் கழித்து. வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய எட்டு நாள் கடிகாரம். இறந்தவர் ஞாயிறுதோறும் தவறாமல் சாவி கொடுப்பவர். வெள்ளிக்கிழமை இரவு இறந்திருக்கிறார். தோழி கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னாள். எப்போது, எதனால் நின்றது என்று கேட்டாள். பகடை இல்லை. நான் சொன்னேன்: "எதுவும் உடையவில்லை. சுவரில் நேராகத்தான் தொங்குகிறது. சாவியைப் போட்டுச் சுற்றிப் பார்க்கிறீர்கள், கால் சுற்றுகூட ஏறவில்லை. ஸ்பிரிங் முழுக்க இறுகியிருக்கிறது. சாவி கொடுத்தபின் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்."

அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் மற்றவர்களைப் பார்த்து, "இந்த வீட்டுல முன்னாடி குடியிருந்து, சாவி குடுத்துப் பழகின கை யாருது?" என்று கேட்டாள். அந்தக் கோணம் என் குறிப்புகளில் இல்லை. 'முன்பு குடியிருந்தவர்' என்று என் பட்டியலில் ஒருவர் இருந்தார், ஆனால் பழக்கத்தால் கை தானாகச் சாவியைத் தேடிப் போயிருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. குற்றவாளி சாவி கொடுத்ததற்கு நான் எழுதிவைத்திருந்த காரணத்தைவிட அது நன்றாக இருந்தது. குற்றவாளி மாறவில்லை. காரணத்தை மட்டும் அன்றிரவே மாற்றி எழுதினேன்.

இன்னும் பிடிபடாத ஒரு திறன் இருக்கிறது: நினைவாற்றல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி ஆடும்போது, பாத்திரத்துக்கு நேற்று நடந்தது ஆட்டக்காரருக்குப் பதினான்கு நாள் பழசு. "யார் என்ன சொன்னார் என்பதைச் சொல்லுக்குச் சொல் கேட்கலாம்" என்று எழுதினால், அந்தச் சொற்கள் எனக்கும் நினைவிருக்க வேண்டும். நினைவிருப்பதில்லை. சுருக்கத்தைச் சொன்னால் எந்த வார்த்தை முக்கியம் என்று நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன். இப்போது முயன்று பார்ப்பது இது. அந்தத் திறனை எடுப்பவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு சாட்சியின் பேச்சிலும் மூன்று வாக்கியங்களை அவர் விருப்பம்போல் அப்படியே எழுதிக்கொள்ளலாம். எழுதிய வாக்கியம் எதையும் எப்போது வேண்டுமானாலும் வாசித்துக் காட்டி, "இதில் எந்தச் சொல்லை அவர் தயங்கிச் சொன்னார்?" என்று என்னிடம் கேட்கலாம். எந்த மூன்று வாக்கியங்கள் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. மூன்று போதுமா, ஐந்து வேண்டுமா என்று தெரியவில்லை. வரும் சனிக்கிழமை பிழை திருத்துபவரும் இந்த நோட்டுக்காரரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். இருவரின் தாள்களிலும் ஒரே வாக்கியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.